வேகவைத்து அரைக்கும் கருவியும் ஒரு முள்கரண்டியும்

மகளுக்கு ஐந்தரை மாதம் இருக்கும்போது இந்தக் கருவியை வாங்கினோம். பழத்தை ஆவியில் வேகவைத்து, அதே குடுவையிலேயே அரைத்துக் கூழாக்கித் தரும் சின்ன மின்கருவி. இப்போது அவளுக்குப் பதினொரு மாதம் முடிகிறது. நடுவில் வாரத்துக்கு இரண்டு முறையாவது இதில் பழம் வேகவைத்திருக்கிறேன். நான்கு மாதக் குழந்தையை வைத்திருக்கும் என் தங்கை போன வாரம் போனில் கேட்டாள்: "அண்ணா, நானும் ஒன்று வாங்கட்டுமா?" வாங்கு என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொல்ல உட்கார்ந்ததுதான் இவ்வளவு நீண்டுவிட்டது. எந்த நிறுவனத்துக் கருவி என்று எழுதப் போவதில்லை. இந்த வகைக் கருவி ஒரு வீட்டுக்குத் தேவையா, எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்பதுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் பாப்பாவின் சாப்பாடு என் பொறுப்பு. மனைவி பால் கொடுக்கிறாள், இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறாள். அதற்குமேல் அவள் தலையில் எதையும் ஏற்றக்கூடாது என்று குழந்தை பிறப்பதற்கு முன்பே பேசி வைத்திருந்தோம். அதனால் பழம் நறுக்கியதிலிருந்து குடுவை கழுவியது வரை எல்லாம் நானே செய்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கருவியோடு வந்த கையேட்டில் நான்கு மாதக் குழந்தைக்கு என்று ஒரு பக்கம் நிறையக் கூழ் வகைகள் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது உண்மை. குழந்தை மருத்துவர் பொறுக்கச் சொன்னார். உலக சுகாதார நிறுவனமும் ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்றுதான் சொல்கிறது. மாதக் கணக்கோடு குழந்தையையும் பார்க்கச் சொன்னார் மருத்துவர்: தலை ஆடாமல் நிற்க வேண்டும், பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், நாம் சாப்பிடுவதை ஆர்வமாகப் பார்க்க வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளுவது குறைந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி அடையாளம்தான் எங்களுக்குச் சரியாகப் பயன்பட்டது. ஆறு மாதம் ஆவதற்கு ஒரு வாரம் முன்பு வெறும் கரண்டியை வாயருகே கொண்டுபோனபோது நாக்கால் தள்ளினாள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் வாயைத் திறந்து காத்திருந்தாள். அதுவரை கருவி பெட்டியிலேயே இருந்தது.

இனி கருவியைப் பற்றி. பக்கவாட்டில் ஒரு சின்னத் தொட்டி, அதற்குள் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் தட்டு. நடுவில் குடுவை, அடியில் பிளேடு. குடுவைக்குள் துளை போட்ட ஒரு கூடை. நறுக்கிய பழத்தைக் கூடையில் போட்டு மூடினால் ஆவி உள்ளே வந்து பழத்தை வேகவைக்கும். குளிர்ந்து நீரான ஆவி பழச்சாற்றோடு சேர்ந்து குடுவையின் அடியில் தேங்கும். வெந்ததும் கூடையைத் தூக்கிப் பழத்தைக் குடுவையில் கொட்டி, பொத்தானை அழுத்தி அரைக்க வேண்டியதுதான். மூடியைத் திருகிச் சரியாகப் பூட்டாவிட்டால் பிளேடு சுழலாது. இது மிக நல்ல ஏற்பாடு. தூக்கக் கலக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு பூட்டு அவசியம் தேவை.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அடியில் தேங்கும் அந்தத் தண்ணீர்தான். பழத்தைத் தண்ணீருக்குள் போட்டு வேகவைத்தால் வைட்டமின் சி போன்றவை தண்ணீரில் கரைந்துவிடும், அந்தத் தண்ணீரை நாம் கொட்டிவிடுவோம். ஆவியில் இந்த இழப்பு குறைவு. கரைந்த கொஞ்சமும் அடியிலேயே இருப்பதால், கூழைத் தளர்த்தத் தண்ணீர் வேண்டுமென்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம். நான் முதலில் அதை முழுதுமாகக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, அரைக்கும்போது ஒரு கரண்டி ஒரு கரண்டியாகத் திரும்பச் சேர்ப்பேன். இதைச் செய்யாமல் எல்லாத் தண்ணீரோடும் அரைத்தால் பேரிக்காய் பாயசம் போல ஓடும்.

நான் முதலில் செய்தது ஆப்பிள். தோல் சீவி, விதைப்பகுதியை எடுத்து, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினேன். பன்னிரண்டு நிமிடத்தில் வெந்தது. எந்த ஆப்பிளானாலும் விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் கணக்கு. பெரிய துண்டாகப் போட்டால் ஓரம் குழைந்து நடு கடினமாக நிற்கும், அரைத்த பிறகும் கரகரப்பு தெரியும். சீராக நறுக்குவதில் செலவாகும் நான்கு நிமிடத்தை எந்தக் கருவியும் மிச்சப்படுத்தித் தராது. ஆப்பிளில் பெக்டின் என்ற, கூழை இறுகவைக்கும் பொருள் நிறைய உண்டு. அதனால் சூட்டில் சரியாகத் தெரிகிற கூழ் ஆறியதும் இறுகும். நீங்கள் விரும்பும் பதத்தைவிட ஒரு படி தளர்வாக அரைத்து நிறுத்துங்கள்.

நறுக்கிய ஆப்பிள் காற்றுப் பட்டதும் பழுப்பாவதும் ஒரு நொதியின் வேலை. ஆவிச் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். நறுக்கியவுடன் கூடையில் போட்டு வேகவைத்தால் கூழ் வெளிர்மஞ்சளாகவே வரும். நறுக்கி வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கப் போனால் பழுப்பாகத்தான் வரும். நிறம் மாறினாலும் கெட்டுப்போனதில்லை, கொடுக்கலாம்.

முதல் நாள் அவள் சாப்பிட்டது அரைத் தேக்கரண்டி. முகத்தைச் சுருக்கினாள், உடம்பு சிலிர்த்தது, பிறகு இன்னொரு முறை வாயைத் திறந்தாள். அந்த முகத்தை நான் மறக்கப் போவதில்லை. அதே ஆப்பிளை மூன்று நாள் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பழத்துக்குப் போனோம். புதிதாக ஒன்று கொடுத்து உடம்பில் தடிப்பு, வாந்தி, முக வீக்கம் எதுவும் வருகிறதா என்று பார்ப்பதற்கு இந்த இடைவெளி. ஒரே நாளில் நான்கு பழத்தைக் கலந்து கொடுத்தால், ஏதாவது வந்தாலும் எதனால் என்று தெரியாது. முகமோ உதடோ வீங்கினால், மூச்சுத் திணறினால், வீட்டில் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேரிக்காய் இந்தக் கருவிக்கென்றே விளைந்த பழம் என்று சொல்வேன். ஏழெட்டு நிமிடத்தில் வெந்து, வெண்ணெய் மாதிரி அரைபடும். பீச்சும் பிளம்மும் அப்படித்தான், வெந்தபின் தோல் கையோடு வந்துவிடும். திட உணவு ஆரம்பித்த மூன்றாம் வாரம் பாப்பாவுக்கு மலம் இறுகிப்போய் மிகவும் சிரமப்பட்டாள். மருத்துவர் வாழைப்பழத்தைக் கொஞ்ச நாள் குறைத்துவிட்டு, உலர்ந்த பிளம் கூழ் கொடுக்கச் சொன்னார். அதில் சார்பிடால் என்ற இயற்கைச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது, குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும். பேரிக்காயிலும் அது உண்டு. கொட்டை நீக்கிய நான்கு உலர்ந்த பிளம்மைக் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கருவியில் பத்து நிமிடம் வேகவைத்து, ஊறிய நீரோடே அரைத்தேன். தினம் ஒரு தேக்கரண்டி. இரண்டாம் நாள் பலன் தெரிந்தது. அன்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

மாம்பழத்தில்தான் கருவி தோற்றது. வேகவைக்கத் தேவையில்லாத பழம், அரைக்க மட்டும் போட்டேன். நார் பிளேடைச் சுற்றிக்கொண்டது, கூழுக்குள்ளும் நூல் நூலாக நின்றது. அதை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில் சமையலறையில் ஏற்கெனவே இருந்த எஃகு வடிகட்டியில் கொட்டிக் கரண்டி முதுகால் தேய்த்தேன். ஒரு நிமிட வேலை, நார் எல்லாம் மேலே நின்றுவிட்டது. புளூபெர்ரித் தோலும் ஸ்ட்ராபெர்ரி விதையும் அதே கதை. சின்ன மோட்டாருக்கு அவற்றை முழுதாக நசுக்கும் வேகம் கிடையாது. அந்த வடிகட்டியை நான் ஐந்து மாதமும் பயன்படுத்தினேன்.

வாழைப்பழம், அவகாடோ, நன்றாகப் பழுத்த பப்பாளி ஆகியவற்றுக்கு இந்தக் கருவியை எடுக்கவே வேண்டாம். முள்கரண்டியால் மசித்தால் போதும். வாழைப்பழத்தை அரைத்துப் பார்த்தேன், பசை மாதிரி ஆகிவிட்டது.

இன்னொரு குறை அளவு. குடுவையில் பாதிக்கும் குறைவாகப் பழம் இருந்தால் பிளேடு அதைச் சுவரில் வாரி அடித்துவிட்டுச் சும்மா சுழலும். நிறுத்தி, திறந்து, வழித்துவிட்டு, மறுபடி பூட்டி அரைக்க வேண்டும். ஆறு மாதக் குழந்தை சாப்பிடுவது இரண்டு மூன்று கரண்டி. அவளுக்கென்று ஒரு வேளைக்குச் செய்ய இது ஏற்றதல்ல. மூன்று ஆப்பிளாகச் செய்து சேமித்து வைக்கிறவர்களுக்குத்தான் சரிப்படும்.

இப்போது என்னை மிகவும் வருத்திய விஷயத்துக்கு வருகிறேன். பிளேடுக்கு அடியில் தண்ணீர் கசியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது கழற்றக்கூடியது என்றே எனக்குத் தெரியாது. கையேட்டில் கழுவும் முறை என்ற பக்கத்தில் குடுவை, கூடை, மூடி மூன்றின் படம்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, கவிழ்த்துக் காயவைத்தேன். மூன்றாம் மாதம் ஒருநாள் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது அந்த வளையத்தின் ஓரத்தில் கருப்பாக ஒரு கோடு. கத்தி முனையால் நெம்பி எடுத்தேன். உள்பக்கம் முழுவதும் பூஞ்சை. பழைய கூழ் அங்கே ஒட்டி மக்கியிருந்தது.

அவள் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பிள்ளைக்குச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்றுதானே வீட்டில் செய்கிறோம். அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்று கடிதத்துக்குப் பிறகு பதில் வந்தது. வளையம் தனியாக விற்பனைக்கு இல்லை, குடுவையோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். படம் எடுத்து அனுப்பி, கையேட்டில் இது இல்லை என்று சுட்டிக்காட்டிய பிறகு மூன்று வளையம் இலவசமாக அனுப்பினார்கள். அனுப்பியது நல்ல செயல். அதைவிடக் கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் எத்தனையோ வீடுகளுக்கு உதவும் என்று எழுதினேன், அதற்கு மறுமொழி இல்லை. இப்படி ஒரு கருவி உங்களிடம் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்த வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதைத் தனியாகக் கழுவி, தனியாகக் காயவைத்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

கொதிக்கும் தட்டில் வெள்ளையாக உப்புப் படியும். தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம்தான் அது. விட்டுவிட்டால் தட்டின் சூடு தண்ணீருக்குச் சரியாகப் போகாது, வேகும் நேரம் நீளும். எட்டு நிமிடத்தில் வெந்துகொண்டிருந்த பேரிக்காய் பதினைந்து நிமிடம் எடுத்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு ஊற்றி, கருவியை ஓட்டாமல், ஓர் இரவு ஊறவிட்டேன். காலையில் கொட்டி அலசி, வெறும் தண்ணீர் ஊற்றி இரண்டு முறை ஆவி விட்டபின் வினிகர் வாசனை போனது. மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. இவ்வளவு கழுவலையும் கணக்கில் சேர்த்தால், ஒரு பாத்திரத்தில் வேகவைத்து மிக்ஸியில் அரைப்பதைவிட இந்தக் கருவி மிச்சப்படுத்தும் நேரம் பெரிதாக ஒன்றுமில்லை. அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை, நேரம் முடிந்ததும் தானே நின்றுவிடும், அவ்வளவுதான். அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் ஒருவருக்கு அந்த அவ்வளவும் பெரிய உதவிதான். மறுக்கவில்லை.

குடுவை பிளாஸ்டிக். பிபிஏ (சில வகைப் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஒரு வேதிப்பொருள்) இல்லாதது என்று அடியில் அச்சிட்டிருக்கிறது. பால்புட்டிகளில் பிபிஏ கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலும் அமெரிக்கா 2012-இலும் தடுத்துவிட்டன. சூடான உணவு படும் பொருள் என்பதால் வாங்கும்போது இந்த எழுத்தைத் தேடிப் பாருங்கள். கண்ணாடிக் குடுவையோடு வருபவையும் உண்டு, இன்னொரு முறை வாங்குவதென்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கருவியோடு சேர்த்து மூடியுள்ள சிலிகான் தட்டு ஒன்றும் வாங்கினோம். பனிக்கட்டித் தட்டு போலவே இருக்கும், ஒவ்வொரு குழியும் இரண்டு மேசைக்கரண்டி பிடிக்கும். கருவியைவிட இதற்குத்தான் நான் அதிகம் நன்றி சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆப்பிள் ஒரு தட்டு, பேரிக்காய் ஒரு தட்டு என்று ஊற்றி ஃப்ரீசரில் வைப்பேன். மறுநாள் கட்டிகளைத் தட்டி எடுத்து, பழத்தின் பெயரும் தேதியும் எழுதிய பையில் போட்டு மூடிவிடுவேன். சிலிகான் வளைவதால் அடியிலிருந்து அழுத்தினால் கட்டி முழுதாக வெளியே வரும். முதலில் பயன்படுத்திய கடினமான தட்டில் கத்தியால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. வாங்கும்போது மூடி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மூடியில்லாத தட்டில் உறைந்த கூழ் ஃப்ரீசர் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும், மேலே பனி படர்ந்து காய்ந்தும் போகும்.

சேமிக்கும் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். வீட்டில் செய்த கூழ் ஃப்ரிட்ஜில் ஒன்றிலிருந்து இரண்டு நாள், ஃப்ரீசரில் ஒன்றிலிருந்து இரண்டு மாதம். அதற்குமேல் போனதை யோசிக்காமல் கொட்டிவிடுவேன். ஆறட்டும் என்று மேடையில் மணிக்கணக்கில் விடக்கூடாது, இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்குள் போய்விட வேண்டும். கட்டியை முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி வைத்தால் காலையில் இளகியிருக்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஒரு பக்கம் கொதித்து இன்னொரு பக்கம் சில்லென்று இருக்கும், நன்றாகக் கலக்கிவிட்டு நம் மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். அப்புறம், கிண்ணத்தில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து ஊட்ட வேண்டும். வாயில் பட்ட கரண்டி திரும்பப் போன கூழில் எச்சில் கலந்திருக்கும், மிச்சத்தை எடுத்து வைக்கவே கூடாது.

கையேட்டில் சில செய்முறைகளுக்கு இனிப்புக்கு என்று தேன் போட்டிருந்தது, குழந்தையின் வயதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல். ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், வீட்டில் வேகவைக்கும் சூட்டுக்கு அவை சாகாது. அந்தப் பக்கத்தில் நான் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு வைத்திருக்கிறேன். சர்க்கரையும் உப்பும்கூடத் தேவையில்லை, பழத்துக்கே போதுமான இனிப்பு இருக்கிறது.

இன்னொன்று. இந்தக் கருவி கையில் வந்ததும் பழம் பழமாகச் செய்யத் தோன்றும். செய்வதும் எளிது, குழந்தையும் வாயைத் திறக்கும். ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு மிகவும் தேவைப்படுவது இரும்புச்சத்து. பிறக்கும்போது உடம்பில் இருந்த சேமிப்பு அந்த வயதில்தான் குறையத் தொடங்குகிறது. பழத்தில் இரும்பு மிகக் குறைவு. அதனால் வெந்த பருப்பு, முட்டை, இறைச்சி என்று அவரவர் சாப்பிடுவதிலிருந்து ஒன்று கூடவே போக வேண்டும். பழத்தின் பங்கு இங்கே வேறு: அதிலுள்ள வைட்டமின் சி பருப்பிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். இதை மருத்துவர் சொன்ன பிறகு, பருப்பு மசியலோடு ஒரு கட்டி மாம்பழக் கூழையோ பப்பாளியையோ அடுத்தடுத்துக் கொடுக்கும் பழக்கம் எங்களுக்கு வந்தது. அவளுக்குப் பருப்பு முதலில் பிடிக்கவில்லை. ஒன்பதாவது முறையோ பத்தாவது முறையோதான் முழுங்கினாள். பிடிக்காது என்று நாம் முடிவு கட்டுவதற்கு முன் அத்தனை முறை வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி முக்கியமான இடம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்தக் கருவிக்கு ஒரே பதம்தான் தெரியும்: வழுவழுப்பு. அதை அது மிக அழகாகச் செய்யும், அழகாகச் செய்வதால்தான் நாமும் அதிலேயே நின்றுவிடுகிறோம். நான் நின்றுவிட்டேன். ஃப்ரீசர் நிறையக் கட்டிகள், குழந்தை மறுக்காமல் சாப்பிடுகிறாள், மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. எட்டரை மாதத்தில் எடை பார்க்கப் போனபோது மருத்துவர் கேட்டார்: "கட்டியாக ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை வாழைப்பழத்தைக் கொஞ்சம் கட்டியிருக்கும்படி மசித்துக் கொடுத்தேன். குமட்டினாள், கண்ணில் நீர் வந்துவிட்டது, எல்லாவற்றையும் வெளியே தள்ளினாள். பயந்துபோய் மறுநாள் மறுபடி வழுவழுப்பான கூழுக்கே திரும்பினேன். அது தவறு. குமட்டல் வேறு, தொண்டை அடைப்பு வேறு. குமட்டும் குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், தானே வெளியே கொண்டுவந்துவிடும். இந்த வயதில் குமட்டலைத் தூண்டும் இடம் நாக்கின் முன்பக்கமாகவே இருப்பதால் அது எளிதில் வரும், பழகப் பழகப் பின்னால் போகும். அடைப்பு என்றால் சத்தமே இருக்காது, மூச்சு வராது, நிறம் மாறும். அதற்கான முதலுதவியைச் சாப்பாடு ஆரம்பிக்கும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் பிறகுதான் கற்றோம், முன்பே செய்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் ஏவன் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியான உணவைத் தொடங்கிய குழந்தைகளுக்கு ஊட்டுவது பின்னாளில் அதிகம் சிரமமாக இருந்தது என்று அதில் தெரியவந்தது. இதைப் படித்தபோது மகளுக்கு எட்டரை மாதம் தாண்டிவிட்டது. இன்னும் நேரம் இருக்கிறது என்பது ஆறுதலாக இருந்தது.

கருவியில் விட்டு விட்டு அரைத்தால் பதம் மாறும் என்று கையேடு சொல்கிறது. செய்து பார்த்தேன். பாதி தண்ணீராக, அதற்குள் நசுங்காத துண்டுகள் மிதந்தன. குழந்தைக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமான பதம். நீர் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்போது துண்டு வாயில் திடீரென்று மாட்டும். அதனால் அரைப்பதையே நிறுத்தினேன். பேரிக்காயைக் கருவியில் வேகவைக்க மட்டும் செய்து, தட்டில் கொட்டி முள்கரண்டியால் மசித்தேன். முதல் இரண்டு நாள் நன்றாக அழுத்தி, மூன்றாம் நாள் கொஞ்சம் விட்டு, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் விட்டு. முள்கரண்டி மசிக்கும் கட்டிகள் எல்லாம் ஒரே மென்மையாக இருக்கும், சுற்றிலும் தண்ணீர் நிற்காது. நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றே: கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் நசுங்க வேண்டும். பல் முளைக்காத ஈறுக்கு அது போதும்.

மூன்று வாரத்தில் குமட்டல் நின்றது. ஒன்பதரை மாதத்தில் விரல் நீளத்துக்கு நறுக்கி வேகவைத்த ஆப்பிளைத் தானே பிடித்துச் சாப்பிட்டாள். வேகவைக்காத ஆப்பிள் துண்டு மட்டும் இன்னும் கொடுக்கவில்லை, அது கடினம், தொண்டையில் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் தருகிறோம்.

சரி, வாங்கலாமா? வீட்டில் ஆவியில் வேகவைக்க ஒரு பாத்திரமும் மிக்ஸியும் வடிகட்டியும் இருந்தால், இது இல்லாமலும் எல்லாவற்றையும் நன்றாகவே செய்யலாம். வழுவழுப்பான கூழ் தேவைப்படும் காலம் இரண்டு மாதம்கூட இல்லை. அதற்காக இடம் அடைக்கும் ஒரு கருவிக்கு இத்தனை பணம் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். இரட்டைக் குழந்தைகள் இருக்கும் வீடு, உதவிக்கு ஆளில்லாமல் ஒருவரே எல்லாம் பார்க்கும் வீடு என்றால் என் பதில் மாறும். தானே நின்றுவிடும் அந்த ஒரு வசதி அவர்களுக்கு உண்மையாகவே கைகொடுக்கும். யாராக இருந்தாலும் சிலிகான் தட்டை வாங்கிவிடுங்கள்.

தங்கையிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னுடையதையே வினிகர் ஊற்றிச் சுத்தம் செய்து, புதிய வளையம் மாட்டி, மீதி இரண்டு வளையத்தையும் தட்டுகளையும் சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவள் பிள்ளைக்கு ஏழு மாதம் ஆகும் தேதியை என் நாட்காட்டியில் குறித்துக்கொண்டேன். அன்றைக்குப் போன் செய்து, முள்கரண்டியை எடுத்தாயிற்றா என்று கேட்பேன்.